பல்லிக்கு வியாழன் விடுமுறை

கிம்பர்லி, க்வார்ட்ஸ் தெரு, பதினேழாம் எண்.
ரீட்டா ஓஸ்ட்ஹாய்சன் வீட்டு அலாரம்
இந்த மாதம் பதினோரு முறை அலறியிருக்கிறது.
எல்லாமே ஸோன் ஆறு, நடைவழி.
எல்லாமே இரவு இரண்டு மணியை ஒட்டி.

"பல்லி" என்றார்,
நான் வண்டியிலிருந்து ஏணியை இறக்கும் முன்பே.
"சென்சார் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.
எல்லார் வீட்டிலும் இதே கதைதானே?"

கதைதான்.
இந்த ஊரில் திருடனுக்கு ஓடியதைவிடப்
பல்லிக்கு ஓடியதே அதிகம்.
சென்சார் கண்ணில் ஒரு வால் நெளிந்தால் போதும்,
அதற்கு அது ஆளுயரம்.

மூடியைக் கழற்றினேன்.
தூசி. காய்ந்த எறும்பு ஒன்று.
பல்லி எச்சம் ஒரு பொட்டுகூட இல்லை.

சமையலறைக் கீபேடில் என் எண்ணை அழுத்திப்
பதிவுகளுக்குள் போனேன்.
கடைசி இருநூற்றைம்பத்தாறு நிகழ்வுகள், புதியது மேலே.
அம்புக்குறியை அழுத்த அழுத்த
ஒரு பெண்ணின் மாதம் பின்னோக்கி நடக்கும்.

வெள்ளி, 02:07, ஸோன் ஆறு.
புதன், 02:11, ஸோன் ஆறு.
திங்கள், 01:58.
வெள்ளி. புதன். திங்கள்.
செவ்வாய் இல்லை, வியாழன் இல்லை,
சனி ஞாயிறு இல்லவே இல்லை.
கிழமை பார்த்து நடமாடும் பல்லியைப்
பதினாறு வருடத்தில் நான் கண்டதில்லை.

ஒரே ஒரு திங்கள் விடுபட்டிருந்தது.
அன்று நாலு மணி நேர மின்வெட்டு,
பழைய பேட்டரியும் கைவிட்டிருக்கிறது.
அந்த இரவை அவர் எப்படிக் கழித்தாரோ.
கேட்கவில்லை. புது பேட்டரி போட்டேன்.

அலறியதும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வரும்.
கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டால் வண்டி வராது.
பதினோரு முறையும் அவருக்கு அது மறந்துபோயிருக்கிறது.
"உங்கள் கடவுச்சொல் என்னம்மா?"
"அத்திப்பழம்" என்றார், இமைக்காமல்.
சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்தார்.

பாத்திரத் தட்டில் இரண்டு கோப்பைகள், கவிழ்த்தபடி.
மேசை மேல் பின்னல் துணி, நடுவில் மேடு தட்டியிருந்தது.
டார்ச்சை வைக்க அதை ஒதுக்கினால்
பாதியில் நின்ற டோமினோ ஆட்டம்.
பக்கத்தில் பென்சில் கணக்கு:
ரீ நாற்பத்தொன்று, ஒ எண்பத்தேழு.

திங்கள், புதன், வெள்ளி இரவுகளில்
இந்தப் பகுதி ரோந்து ஒலெபொகெங்குடையது.
அலுவலகப் பலகையில் எழுதியிருக்கிறது.
எங்கள் கம்பெனியில் டோமினோவுக்கு அவரோடு உட்கார
இப்போது யாரும் இல்லை. எல்லாரும் தோற்று அலுத்தவர்கள்.

மாதம் மூன்று முறைதான் இலவசம்.
மிச்சத்துக்கெல்லாம் அபராதம்.
ரசீதுகளைப் பார்த்தேன்:
தேதி தவறாமல் கட்டியிருக்கிறார்.

"சைரன் அக்கம்பக்கத்தை எழுப்புகிறதா?"
"ஃபென்டர் கடிதம் எழுதியிருக்கிறார்"
என்றார், தன் செருப்பைப் பார்த்தபடி.

பிறகு நான் செய்ததைக் கையேட்டில் தேடினால் கிடைக்காது.
ஸோன் ஆறின் வகையை மாற்றினேன்,
இனி அது வாய் திறக்காமல் தகவல் மட்டும் அனுப்பும்.
நிஜத் திருடன் வந்தால் மற்ற ஐந்தும் கத்தட்டும்,
கத்துவதற்கென்றே இருப்பவை அவை.
திரையில் 'நடைவழி' என்ற பெயரை
ஒவ்வோர் எழுத்தாக அழித்துப்
'பல்லி' என்று வைத்தேன்.

வேலைச் சீட்டில் எழுதினேன்:
காரணம், பல்லி. அகற்றப்படவில்லை.

ஏணியை மடக்கும்போது "அதோ! அதோ!" என்று கத்தினார்.
குளிர்பெட்டிக்கு மேலே, சென்சாருக்கு எட்டாத் தொலைவில்
நிஜமாகவே ஒன்று.
உள்ளே குடல் தெரியும் வெளிர் உடம்பு,
இத்தனை நாள் பழி சுமந்தது தெரியாத முகம்.
எங்களைப் பார்த்து ஒருமுறை உச்சுக்கொட்டியது.

"இன்று வியாழனாயிற்றே அம்மா" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை.
கையெழுத்துப் போட
இழுப்பறை இழுப்பறையாகப்
பேனா தேடினார்,
காதில் செருகியிருந்த பென்சிலோடு.